பாட்டில்ல ஒரு கலர், நகத்துல ஒரு கலர்

பியூட்டி பிளாகர் ஒருத்தங்களோட சேர்ந்து நெயில் பாலிஷ் ஷேட் பண்றது ஈஸின்னு நெனச்சேன், அவங்க கலர் சொல்வாங்க நாம கலக்கிடலாம்னு... எங்க! "காஞ்ச ரோஜா கலர் வேணும், ஆனா டல்லா இருக்கக்கூடாது"ன்னாங்க. இத எந்த பிக்மென்ட்ல, அதாங்க கலர் பொடியில, தேடுறது சொல்லுங்க?

வெள்ளை, அதாங்க டைட்டானியம் டை ஆக்சைடு, கொஞ்சம் கூடினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுது, கொறச்சா 2 கோட் போட்டும் நகம் தெரியுது. கிளிட்டர் வேற, சாதா பேஸ்ல, அதாவது கலர் சேக்காத வெறும் பாலிஷ்ல, போட்டா அடியில போய் உக்காந்துக்கும், அதுக்குன்னு இருக்கற சஸ்பென்ஷன் பேஸ்லதான் போடணும், அதுலயும் பாலிஷ்ல இருக்கற சால்வென்ட்ல, அதாவது கரைக்கற திரவத்துல, சாயம் போகாத கிளிட்டரா பாக்கணும், இல்லன்னா பாட்டில் முழுக்க கலர் எறங்கிடும்.

11வது சாம்பிள்தான் ஓகே ஆச்சு. வெயில்ல ஒண்ணு டியூப்லைட்ல ஒண்ணுன்னு ஃபோட்டோ கேட்டாங்க பாருங்க, அப்பதான் அவங்க மேல மரியாதையே வந்துச்சு. பேர் வைக்கறதுல இன்னும் சண்டை ஓடுது 😅