கெர்னலுக்கு போர்டை எழுதிக் காட்டுவது: டிவைஸ் ட்ரீ வேலையில் சறுக்கும் இடங்கள்

பிசிஐ, யூஎஸ்பி சாதனங்களிடம் 'நீ யார்' என்று கேட்டால் பதில் வரும். ஐ2சி பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் இரண்டு கம்பி வழி) தொங்கும் சென்சாரிடமோ சிப்புக்குள்ளேயே இருக்கும் சீரியல் போர்ட்டிடமோ அந்தப் பேச்சே கிடையாது. எந்த முகவரியில் எது இருக்கிறது, எதன் இன்டரப்ட் கம்பி ('என்னைக் கவனி' என்று பிராசஸரை அழைக்கும் கம்பி) எங்கே போகிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தெரியும். ஆர்ம் ரகப் பிராசஸர்கள் பக்கம் வெகுகாலம் இதை போர்டுக்கு ஒரு சி ஃபைலாக எழுதி கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவந்தார்கள். அந்தக் குவியல் தாங்காமல் 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகவே எழுதினார். பிறகுதான் ஆர்ம் முழுவதும் டிவைஸ் ட்ரீக்கு, அதாவது போர்டில் எது எங்கே இருக்கிறது என்பதைத் தனி ஃபைலில் எழுதிக் கெர்னலிடம் கொடுக்கும் முறைக்கு, நகர்ந்தது. டிவைஸ் ட்ரீ புதுச் சரக்கும் இல்லை. 1994இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாக வந்த ஓப்பன் ஃபர்ம்வேரில் பிறந்து, பவர்பிசி லினக்ஸில் ஏற்கெனவே புழங்கியதுதான்.

எழுதும் முறையை ஓரிரு நாளில் பழகிவிடலாம். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. எழுதிய ட்ரீயை டிடிபி என்ற பைனரி ஃபைலாக்கும் டிடிசி கம்பைலர் பார்ப்பது பெரும்பாலும் இலக்கணத்தை மட்டுமே. எழுதியது போர்டோடு ஒத்துப்போகிறதா என்று அதற்குத் தெரியாது, கெர்னலுக்கும் தெரியாது. ட்ரீயில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு நோடு, அதற்குள் பெயரும் மதிப்புமாக ப்ராப்பர்ட்டிகள். ப்ராப்பர்ட்டி பெயரில் ஹைஃபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர் விழுந்தால், டிரைவர் (அந்தச் சாதனத்தை இயக்கும் கெர்னல் பகுதி) தேடும் பெயர் அங்கே இல்லை, அவ்வளவுதான். டீஃபால்ட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே இந்த வேலையில் கையோடு இருக்க வேண்டியது போர்டின் ஸ்கீமேட்டிக், அதாவது சுற்று வரைபடம். பக்கத்து போர்டின் ஃபைலைக் காப்பியடித்துத் தொடங்கலாம், ஆனால் ஒவ்வொரு வரியையும் ஸ்கீமேட்டிக்கில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

எதையும் திருத்தும் முன், திருத்துகிற ஃபைல்தான் பூட்டாகிறதா என்று பாருங்கள். பூட்லோடர் (கெர்னலை ஏற்றித் தொடங்கும் நிரல்) வேறு பார்ட்டிஷனிலிருந்து பழைய டிடிபியை எடுப்பதும், ஃபிட் இமேஜுக்குள் (கெர்னலையும் டிடிபியையும் ஒன்றாகக் கட்டிய ஃபைல்) பொதிந்த பழைய பிரதி ஓடுவதும் அடிக்கடி நடப்பவை. 'மாடல்' சரத்தின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டு, பூட்டான பின் /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ/மாடல் என்பதைப் படித்தால் போதும். யூ-பூட் என்ற பூட்லோடர் நினைவக அளவையும் மேக் முகவரியையும் தன் பங்குக்கு மாற்றி எழுதும். அதனால் கெர்னல் கண்ணில் உண்மையில் பட்டது என்ன என்பதற்கு, ஓடும் போர்டின் /ப்ராக்/டிவைஸ்-ட்ரீயை டிடிசி கொண்டே மீண்டும் சோர்ஸாக்கிப் பார்ப்பதுதான் வழி.

அடுத்தது செல் (ஒரு 32 பிட் எண்) கணக்கு. முகவரியையும் அளவையும் சொல்லும் 'ரெக்' ப்ராப்பர்ட்டியில் உள்ள எண்களை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதைத் தாய் நோடின் அட்ரஸ்-செல்ஸ், சைஸ்-செல்ஸ் இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. 64 பிட் போர்டில், ட்ரீயின் உச்சி நோடான ரூட்டில் இரண்டும் 2 என்று வைத்துக்கொள்வோம். ஹெக்ஸ் 40000000இல் தொடங்கும் 1 ஜிபி நினைவகத்துக்கு 0, 40000000, 0, 40000000 என்று நான்கு எண்கள் வரும். யாரோ ரூட்டின் செல்லை 1, 1 ஆக்கிவிட்டால், அதே நான்கு எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும் இரண்டு 1 ஜிபி துண்டுகளாகப் படிக்கப்படும். அங்கே நினைவகமே இல்லையென்றால் கன்சோல் எழும் முன்பே கெர்னல் நின்றுவிடும். இந்த மாதிரிச் சமயத்துக்குத்தான் கெர்னல் கமாண்ட் லைனில் எர்லிகான், கன்சோல் எழும் முன்பே லாகைக் காட்டிவிடும்.

இன்டரப்ட் எண்ணில் இன்னொரு பள்ளம். ஆர்மின் ஜிஐசி என்ற இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு வழக்கமாக மூன்று செல்: வகை, எண், டிரிக்கர். எஸ்பிஐ வகை இன்டரப்டுகள், அதாவது கோர்களுக்குப் பொதுவான சாதன இன்டரப்டுகள் (இதே பெயர் கொண்ட சீரியல் பஸ்ஸுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை) 32ஆம் ஐடியிலிருந்து தொடங்குகின்றன. ட்ரீயில் எழுதுவது அந்த 32ஐக் கழித்த எண். சிப்பின் மேனுவலில் ஐடி 72 என்றால் நாம் எழுத வேண்டியது 40. அப்படியே 72 என்று எழுதினால் டிரைவர் 104ஆம் கம்பிக்காகக் காத்துக் கிடக்கும். டிரைவர் புகார் இல்லாமல் ஏறிவிடும். /ப்ராக்/இன்டரப்ட்ஸில் மட்டும் அந்த வரியின் எண்ணிக்கை 0இலேயே நிற்கும். சில மேனுவல்கள் கழித்த எண்ணையே அச்சிடும். அதில் இன்னொரு முறை கழிப்பவர்களும் உண்டு. அட்டவணை 0இல் தொடங்குகிறதா 32இல் தொடங்குகிறதா என்று முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

டிரிக்கர், அதாவது கம்பியின் எந்த நிலையை இன்டரப்டாக எடுப்பது என்பது, தவறினால் அறிகுறி வேறு. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கும்வரை கம்பியை லோவிலேயே பிடித்திருக்கும் சிப்புக்கு ஃபாலிங் எட்ஜ் (ஹையிலிருந்து லோவுக்கு இறங்கும் கணம் மட்டும்) என்று எழுதினால், கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரே ஒரு எட்ஜ் தவறியதும் கம்பி லோவிலேயே தங்கிவிடும், அதன்பின் ஒன்றும் வராது. சோதனை மேசையில் தேறி, களத்தில் படுத்துவிடும் ரகம் இது. தலைகீழாக, சும்மா இருக்கும்போது ஹையாக இருக்கும் கம்பிக்கு லெவல் ஹை (ஹையாக இருக்கும்வரை இன்டரப்ட்) என்று எழுதினால் இன்டரப்ட் மழை. 100000 இன்டரப்டில் 99900க்கு மேல் யாரும் ஏற்காமல் போனால், 'நோபடி கேர்டு' என்று எழுதிவிட்டு கெர்னல் அந்தக் கம்பியையே மூடிவிடும். ஒருவகையில் இது நல்ல பிழை, கத்திச் சொல்லிவிடுகிறதே.

ஐ2சியில் 7 பிட், 8 பிட் முகவரிக் குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததே: படி/எழுது பிட்டையும் சேர்த்துச் சில டேட்டாஷீட்டுகள் அச்சிடும் 8 பிட் முகவரி, ட்ரீக்கு வேண்டிய 7 பிட் முகவரியைப் போல் இரு மடங்கு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹெக்ஸ் 50இல் இருக்கும் ஈஈப்ராமுக்கு (சிறிய நினைவகச் சிப்) டேட்டாஷீட்டைப் பார்த்து ஏ0 என்று எழுதினால், 7 பிட்டைத் தாண்டுவதால் செல்லாத முகவரி என்று கெர்னலே தடுத்துவிடும். ஹெக்ஸ் 20இல் இருக்கும் பிசிஎஃப்8574 சிப்புக்கு 40 என்று எழுதினால் அது செல்லுபடியாகும் முகவரிதான். ஆனால் அங்கே பதில் சொல்ல யாரும் இல்லாததால், கன்ட்ரோலரைப் பொறுத்து மைனஸ் 6 அல்லது மைனஸ் 121 என்று பிழை வரும். உடனே சால்டரிங்கைச் சந்தேகித்து போர்டைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குவார்கள். அதற்கு முன், பஸ்ஸில் பதில் சொல்லும் முகவரிகளைப் பட்டியலிடும் ஐ2சிடிடெக்டை ஒருமுறை ஓட்டிவிடலாம்.

ரீசெட் பின் லோவில்தான் செயல்படும் என்று சொல்லும் ஆக்டிவ் லோ கொடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாற்றி எழுதினால் டிரைவர் ரீசெட்டை விடுவிப்பதாக நினைத்துச் சிப்பை ரீசெட்டிலேயே அழுத்திப் பிடித்திருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்.

ரெகுலேட்டர் (மின் சப்ளை தரும் சுற்று), கிளாக் (சிப்பின் பகுதிகளை ஓட்டும் துடிப்பு) விவகாரம்தான் நிஜமாகவே தலையைச் சுற்ற வைக்கும். பூட்லோடர் ஏற்றிவைத்த சப்ளையில் டிஸ்ப்ளே அழகாக எரிகிறது. டிஸ்ப்ளே நோடில் அந்த சப்ளையைக் குறிப்பிடவில்லை, லாகில் 'டம்மி ரெகுலேட்டர்' என்று ஒரு வரி ஓடிப்போகிறது, யாரும் கவனிப்பதில்லை. பூட் முடிந்து சுமார் 30 நொடியில் திரை அணைகிறது. காரணம் இதுதான்: யாரும் கேட்டு வாங்காத ரெகுலேட்டர்களை கெர்னல் அந்த நேரத்தில் தேடி அணைக்கிறது. ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன் போட்டால் திரை எரியும், அதோடு பலர் ஃபைலை மூடிவிடுவார்கள். சரியான திருத்தம், டிஸ்ப்ளே நோடில் சப்ளையைப் பெயர் சொல்லி இணைப்பது. ஆல்வேஸ்-ஆனோடு விட்டால் ஸ்லீப்பிலும் மின்சாரம் வீணாகும். கிளாக்கிலும் இதே கதை, ஆனால் அங்கே 30 நொடி அவகாசம் கிடையாது, பூட்டின் கடைசிக் கட்டத்திலேயே அணைந்துவிடும். அப்போது போர்டு உறைந்து நின்று, கமாண்ட் லைனில் சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்ட் (யாரும் கேட்காத கிளாக்கை அணைக்காதே) சேர்த்ததும் அது சரியாகிவிட்டால், எந்த நோடிலோ கிளாக் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அப்படியே விட்டு போர்டை அனுப்பிவிடாதீர்கள்.

டிரைவர் ஏறவும் இல்லை, பிழையும் இல்லை என்றால் நோடின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். சிப்பின் பொது ஃபைலில் 'டிசேபிள்ட்' என்று இருப்பதை போர்டு ஃபைலில் 'ஓகே' ஆக்க மறந்திருப்பார்கள். அதுவும் சரியென்றால் டீபக்எஃப்எஸ்ஸில் (பிழை தேடுவதற்காக கெர்னல் காட்டும் ஃபைல்கள்) டிவைசஸ்_டிஃபர்ட் ஃபைலைத் திறந்தால், தனக்கு வேண்டிய கிளாக்கோ ஜிபிஐஓவோ (பொதுப் பயன் பின்) வராமல் காத்திருக்கும் சாதனங்கள் வரிசையாக நிற்கும்.

எழுத்துப் பிழைகளுக்கு மருந்து, கெர்னல் பில்டில் உள்ள டிடிபிஎஸ்_செக் சோதனை. யாமலில் எழுதிய பைண்டிங்கோடு (ஒரு சாதனத்தின் நோடில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற விதி) ஒப்பிட்டு, தெரியாத ப்ராப்பர்ட்டி, விடுபட்ட ப்ராப்பர்ட்டி, தவறான எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடும். பழைய ஃபைலில் முதல் தடவை ஓட்டினால் எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக வரும். நம் போர்டு ஃபைலிலிருந்து வருபவற்றை மட்டும் முதலில் தீர்த்தால் போதும்.

போர்டு விற்பனைக்குப் போன பிறகு வேறொரு கட்டுப்பாடு வந்து சேர்கிறது. பழைய டிடிபியோடு புதிய கெர்னல் பூட்டாக வேண்டும். ஆகவே டிரைவருக்குப் புது ப்ராப்பர்ட்டி சேர்க்கும்போது, அது இல்லாத ட்ரீயில் டிரைவர் முன்பு நடந்துகொண்டபடியே நடக்கும்படி எழுதுங்கள். எந்த டிரைவர் பொருந்தும் என்று சொல்லும் கம்பேட்டிபிள் சரத்திலும் சிப்பின் சொந்தப் பெயரை முதலிலும் பொதுப் பெயரை அடுத்தும் இப்போதே போட்டுவையுங்கள். அந்தச் சிப்புக்கு மட்டும் ஒரு பிழைத் திருத்தம் பின்னாளில் தேவைப்பட்டால், விற்ற போர்டுகளின் டிடிபியைத் தொடாமல் டிரைவரில் மட்டும் கைவைத்தால் போதும்.