பழைய கைப்பேசியில் கட்டளை வரி: டெர்மக்ஸை ஒழுங்காக ஓடவைப்பது எப்படி

இழுப்பறையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு 7.0 கைப்பேசியை எடுத்து வைஃபையில் இணைத்துப் பாருங்கள். பல இணையத்தளங்கள் திறக்காது, சான்றிதழ் சரியில்லை என்று புதுப்பிக்காத குரோம் மறித்துவிடும். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகளுக்கு, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இணையத்தளங்களுக்கு இலவசமாக வழங்கும் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ என்ற மூலச்சான்று தெரியாது. அதுவரை முட்டுக்கொடுத்து வந்த குறுக்குச் சான்றும் 2024 செப்டம்பர் 30-இல் காலாவதியாகிவிட்டது. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு நின்றது. வோல்ட்டி (4ஜி வழியாகப் பேசும் வசதி) இல்லாத செட் என்றால் பேசுவதற்கும் 2ஜிதான். இப்படி ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போய்த்தான் செட் இழுப்பறைக்கு வந்து சேர்கிறது.

ஆனால் பழசானது ஆண்ட்ராய்டின் மேல்பகுதி மட்டுமே. அடியிலிருக்கும் லினக்ஸ் கெர்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பேசியில் லினக்ஸ் கட்டளை வரியைத் திறந்துதரும் டெர்மக்ஸ் என்ற செயலி தனக்கு வேண்டிய கருவிகளையும் சான்றிதழ்களையும் தானே கொண்டுவருகிறது. அதனால் குரோம் திறக்க மறுக்கும் அதே பக்கத்தை, அதே செட்டில், கர்ல் என்ற இறக்கும் கருவி ஒரு வரியில் இறக்கிக் கொடுத்துவிடும். செட்டை ரூட் செய்ய (முழு நிர்வாக உரிமை எடுக்க) வேண்டியதில்லை.

கீழே வரும் கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. கோடு என்று நான் சொல்லும் இடத்தில் ஹைஃபன்; அந்தச் சொல்லை ஒட்டி வரும் சிறுகோட்டைத் தனியாகத் தட்ட வேண்டாம்.

முதலில் செட்டைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 5, 6-க்கான பேக்கேஜ்களை (நிரல் தொகுப்புகளை) டெர்மக்ஸ் 2020 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. அவற்றில் செயலி ஏறினாலும் உள்ளே கிடைப்பது அந்தக் காலத்துச் சரக்குதான். குறைந்தது 1 ஜிபி காலி இடம் வேண்டும், பின்னால் டெபியன் என்ற முழு லினக்ஸைப் போடுவதாக இருந்தால் இன்னொரு 1 ஜிபி. ரேம் 2 ஜிபி இருந்தால் நிம்மதி. 1 ஜிபியிலும் ஓடும், ஆனால் எதையும் கம்பைல் செய்ய (மூலநிரலிலிருந்து கட்ட) நினைக்காதீர்கள்.

எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்தில் இருக்கும் டெர்மக்ஸை எடுங்கள். செட்டின் பிரவுசர் சான்றிதழ் பிரச்சினையில் அடைத்துக்கொண்டால் மடிக்கணினியில் ஏபிகே கோப்பை இறக்கி, யூஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றிவிடலாம். டெர்மக்ஸ்:ஏபிஐ, டெர்மக்ஸ்:பூட் போன்ற துணைச் செயலிகளையும் அதே இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஒன்றை எஃப்-டிராய்டிலிருந்தும் மற்றொன்றை கிட்ஹப்பிலிருந்தும் எடுத்தால் கையொப்பம் பொருந்தாது, இரண்டாவது ஏறவே ஏறாது.

திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து ‘அக்வயர் வேக்லாக்’ (செட்டைத் தூங்கவிடாத பூட்டு) என்பதைத் தொடுவது. பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அடுத்து ‘பிகேஜி அப்கிரேட்’, அதாவது எல்லா பேக்கேஜ்களையும் புதுப்பிப்பது. பழைய செட்டில் இது பத்து நிமிடத்துக்கு மேலும் இழுக்கும். நடுவில் திரை அணைந்து செட் தூங்கிவிட்டால் பேக்கேஜ்கள் அரைகுறையாக நிற்கும். அப்படி நின்றால் ‘டிபிகேஜி கோடுகோடு-கான்ஃபிகர் கோடு-ஏ’ கொடுத்துவிட்டு மறுபடி அப்கிரேட் செய்யுங்கள். அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டால் என்டர் தட்டினால் போதும்.

அப்கிரேட் செய்யாமல் நேரே ஒரு கருவியை நிறுவுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. டெர்மக்ஸில் எல்லாம் சேர்ந்தே நகரும். கருவி புதிது, அது தேடும் லைப்ரரி பழசு என்றால் ‘கேனாட் லிங்க் எக்ஸிக்யூட்டபிள்’ என்று நின்றுவிடும். செட்டில் கோளாறு என்று எண்ணி அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள், வேண்டவே வேண்டாம். முழு அப்கிரேட் ஒன்று ஓட்டினால் சரியாகிவிடும். இறக்கம் ஆமை வேகத்தில் போனால் ‘டெர்மக்ஸ்-சேஞ்ச்-ரெப்போ’ கொடுத்து ஆசியாவில் உள்ள மிரர் (நகல் சர்வர்) ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சின்னத் திரையில் தட்டுவது கஷ்டம்தான், ஆனால் பக்கவாட்டு விசைகள் கை கொடுக்கும். ஒலியைக் குறைக்கும் விசை கன்ட்ரோலாக வேலை செய்கிறது. அதை அழுத்திக்கொண்டு சி தட்டினால் ஓடும் நிரல் நிற்கும். ஒலியைக் கூட்டும் விசையோடு ஈ சேர்ந்தால் எஸ்கேப், டி (ஆங்கில வரிசையில் 20-ஆம் எழுத்து) சேர்ந்தால் டேப், டபிள்யூ-ஏ-எஸ்-டி நான்கும் அம்புக்குறிகள். விம் என்ற உரைத் தொகுப்பியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது தெரிந்தால் வெளியே வருவது சுலபம்.

அதைவிட நல்ல வழி, செட்டை மேசையில் கிடத்திவிட்டு மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போவது. ‘பிகேஜி இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்எச்’, பிறகு ‘பாஸ்டபிள்யூடி’ கொடுத்து ஒரு கடவுச்சொல், பிறகு ‘எஸ்எஸ்எச்டி’. இங்கே எஸ்எஸ்எச்சின் வழக்கமான போர்ட் (இணைப்பு வாசல் எண்) 22 கிடையாது, 8022. ரூட் இல்லாத எந்த நிரலும் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் தொட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ‘ஐஎஃப்கான்ஃபிக்’ காட்டும் டபிள்யூலேன்0 (வைஃபை) முகவரிக்கு, 8022 என்று சொல்லி இணையுங்கள்.

வீட்டு ரவுட்டரில் இது உடனே வேலை செய்யும். கோலாலம்பூர்க் கொண்டோக்களிலும் விடுதிகளிலும் மாமாக் கடைகளிலும் உள்ள பொது வைஃபையில் பெரும்பாலும் வேலை செய்யாது. அங்கே ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். கட்டளையில் பிழை தேடி நேரத்தை வீணாக்காமல் யூஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். செட்டில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, மடிக்கணினியில் ஏடிபி என்ற ஆண்ட்ராய்டு கருவியால் ‘ஏடிபி ஃபார்வர்டு டிசிபி:8022 டிசிபி:8022’ கொடுத்தால் லோக்கல்ஹோஸ்ட் 8022-இலேயே செட் வந்து நிற்கும். வைஃபையே தேவையில்லை.

என்னென்ன ஓடும் என்று கேட்பவர்களுக்கு: கிட், ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி), டிமக்ஸ், பைதான், எஃப்எஃப்எம்பெக், எஸ்கியூலைட் எல்லாமே ஓடும். என்ன ஓடாது என்பதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். இணையத்திலிருந்து ‘லினக்ஸ் ஏஆர்எம்’ என்று போட்ட நிரல் ஒன்றை இறக்கி ஓட்டினால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனாலும் இல்லை என்று சொல்லும். இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அதை ஏற்றிவிடும் லோடர். சாதாரண லினக்ஸ் நிரல்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நம்பி, லிப் கோப்புறையில் எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் லோடரைத் தேடும். ஆண்ட்ராய்டில் இருப்பது பயோனிக் என்ற வேறு லைப்ரரி. டெர்மக்ஸின் கோப்புகளும் ஸ்லாஷ் யூஎஸ்ஆரில் இல்லை, செயலியின் சொந்த அறைக்குள் இருக்கின்றன. ஆகவே டெர்மக்ஸுக்காகக் கட்டப்பட்டதையே ‘பிகேஜி’ வழியாக எடுங்கள். ஸ்கிரிப்ட் ஏதாவது ‘பேட் இன்டர்பிரெட்டர்’ என்றால் ‘டெர்மக்ஸ்-ஃபிக்ஸ்-ஷெபாங்’ போட்டு அதன் முதல் வரியைத் திருத்திக்கொள்ளலாம்.

பைதானிலும் இதே கதை. ‘பிப் இன்ஸ்டால் நம்பை’ கொடுத்தால் ஆயத்தமான கோப்பு கிடைக்காமல் மூலநிரலிலிருந்து கட்ட ஆரம்பிக்கும். 1 ஜிபி ரேம் செட் அரைமணி நேரம் கொதித்துவிட்டு ‘கில்டு’ என்று முடியும். ‘பிகேஜி இன்ஸ்டால் பைதான்-நம்பை’ என்றால் கட்டி முடித்ததே வந்துவிடும்.

‘டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்’ கொடுத்து அனுமதித்தால் படங்கள், பதிவிறக்கங்கள் உள்ள கோப்புறைகள் ஸ்டோரேஜ் என்ற பெயரில் தெரியும். அங்கே ஸ்கிரிப்ட் வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் பகுதியில் ஓட்டும் அனுமதியும் கிடையாது, சிம்லிங்க்கும் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) கிடையாது. நிரல்கள் ஹோமில் (டெர்மக்ஸின் சொந்தக் கோப்புறையில்) இருக்கட்டும், தரவுகள் மட்டும் ஸ்டோரேஜில். ஒன்றை மறக்கவே கூடாது: டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்தால் ஹோம் மொத்தமும் போய்விடும்.

பழைய செட்டுக்கு ஓர் உண்மையான அனுகூலம் உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் பின்னணியில் கிளப்பிவிடும் துணை நிரல்கள் எல்லாம் சேர்த்து 32-ஐத் தாண்டினால் சிஸ்டம் அவற்றைக் கொல்லும். புதிய செட்டில் ‘சிக்னல் 9’ என்று டெர்மக்ஸ் திடீரென விழுவது பெரும்பாலும் இதனால். ஆண்ட்ராய்டு 7, 8-இல் இந்தக் கட்டுப்பாடே இல்லை. பேட்டரி ஆப்டிமைசேஷனில் டெர்மக்ஸுக்கு விலக்கு கொடுத்து, வேக்லாக்கும் போட்டுவிட்டால் நாள்கணக்கில் ஓடும்.

நாள்கணக்கில் ஓடுவதில் பயப்பட வேண்டியது பேட்டரியைப் பற்றித்தான். நம் ஊர் வெக்கையில், நூறு விழுக்காடு சார்ஜிலேயே எப்போதும் செருகிக் கிடக்கும் பழைய லித்தியம் பேட்டரி உப்பும். பின்மூடி தூக்கினாற்போலத் தெரிந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விட்டாலோ உடனே அணைத்துவிடுங்கள். அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். வராமல் தடுக்க டைமர் பிளக் ஒன்று போதும், நாளில் சில மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏறட்டும். டெர்மக்ஸ்:ஏபிஐ செயலியையும் அதே பெயரிலான பேக்கேஜையும் போட்டால் ‘டெர்மக்ஸ்-பேட்டரி-ஸ்டேட்டஸ்’ சூட்டையும் விழுக்காட்டையும் காட்டும். 40 பாகையைத் தாண்டினால் உறையைக் கழற்றி, ரவுட்டர் மேலிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இனி தமிழ். டெர்மக்ஸ் திரை கட்டம் கட்டமாக எழுத்தை வரைவதால் கொம்பும் காலும் தள்ளி நிற்கும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் கோப்பு கெடவில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லை ‘பிரின்ட்எஃப்’ வழியாக ‘டபிள்யூசி கோடு-சி’க்கு அனுப்பிப் பாருங்கள், 15 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எண்ணிக்கை சரியென்றால் தமிழ் பத்திரம். செல்லினம் போன்ற விசைப்பலகையில் தமிழைத் தட்டும்போது எழுத்து சிதறினால், கீழே உள்ள கூடுதல் விசை வரிசையை இடப்பக்கம் தள்ளுங்கள். உரைப்பெட்டி ஒன்று வரும், அதில் எழுதி அனுப்பினால் ஒழுங்காகப் போகும்.

தமிழ்க் கோப்பைச் சரியாகப் படிக்க ‘பைதான் கோடு-எம் எச்டிடிபி.சர்வர் 8080’ கொடுத்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8080 திறங்கள். உள்வீட்டுப் பக்கம் என்பதால் சான்றிதழ்த் தொல்லை இல்லை. தலையில் கோடு போட்ட ஏயும் வட்டத்துக்குள் ஆரும் வரிசையாக வந்தால், பிரவுசர் குறிமுறையைத் தவறாக ஊகித்திருக்கிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் இரண்டு பைட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால்தான் அதே இரண்டு உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோப்பை எச்டிஎம்எல் ஆக்கி, மேலே மெட்டா வரியில் யுடிஎஃப்-8 என்று குறித்தால் தீர்ந்தது.

இந்தச் செட்டுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் வேலை, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது. முரசு அஞ்சல் காலத்தில் திஸ்கியில் தட்டிய கோயில் மலர்க் கட்டுரைகளும் சங்கக் கூட்டக் குறிப்புகளும் பல வீடுகளில் இன்னும் குறுவட்டில் கிடக்கின்றன. டெர்மக்ஸில் உள்ள ஐகான்வ் என்ற குறிமுறை மாற்றும் கருவிக்கு திஸ்கி தெரியாது, ஜிலிப்சியோடு வருவதற்குத் தெரியும். ஆகவே டெர்மக்ஸுக்குள் டெபியனை ஏற்ற ‘பிகேஜி இன்ஸ்டால் ப்ரூட்-டிஸ்ட்ரோ’, ‘ப்ரூட்-டிஸ்ட்ரோ இன்ஸ்டால் டெபியன்’, பிறகு ‘ப்ரூட்-டிஸ்ட்ரோ லாகின் டெபியன்’. உள்ளே போனதும் ஐகான்வ் பட்டியலில் டிஎஸ்சிஐஐ (திஸ்கியின் ஆங்கிலப் பெயர்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘ஏப்ட் சர்ச் ஜிகான்வ்’ காட்டும் கூடுதல் பேக்கேஜைப் போடுங்கள். அதன்பின் ‘ஐகான்வ் கோடு-எஃப் டிஎஸ்சிஐஐ கோடு-டி யுடிஎஃப்-8’ (இங்கும் டி 20-ஆம் எழுத்து) என்று கொடுத்துப் பழைய கோப்பின் பெயர், பெரிது-குறி, புதிய கோப்பின் பெயர்.

திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து பதிவாகும். ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் க முதலில். இந்த இடமாற்றத்தை ஐகான்வ் தானே செய்துவிடுகிறது. ‘இல்லீகல் இன்புட்’ என்று நடுவில் நின்றால், அது சொல்லும் இடத்தைத் திறந்து பாருங்கள். ‘கோடு-சி’ சேர்த்தால் நிற்காமல் ஓடும், ஆனால் புரியாத பைட்டுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பெயரில் ஓர் எழுத்து காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. முழுக்க உளறலாக வந்தால் அது திஸ்கியே இல்லை. டேப், டாம் என்ற பழைய தமிழ்க் குறிமுறைகள் அல்லது எழுத்துருவுக்கென்றே அமைந்த வேறு குறிமுறையாக இருக்கும், அதற்கு ஐகான்வ் உதவாது. மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை அழிக்காமல், இரண்டையும் ஆர்சிங்க் வழியாக மடிக்கணினிக்கு அனுப்பி வையுங்கள்.