சாமி, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க

நத்தம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது விடியவில்லை. 2025 பிப்ரவரி 7. தைப்பூசத்துக்கு இன்னும் நான்கு நாள். குன்றக்குடி, சிங்கம்புணரி வழியாக நடந்து வந்த கூட்டம் திண்டுக்கல் சாலையில் போய்க்கொண்டிருந்தது. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடி இந்த வழியாகத்தான் காலங்காலமாகப் பழனிக்குப் போகிறது. அவர்கள் திரும்பும்போதும் நடந்தேதான் வருவார்கள். எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. நத்தத்திலிருந்து பழனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அதை மட்டும் நடந்து பார்க்கலாம் என்று செருப்பைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் குடியை விட்டு அப்போது பதினான்கு மாதம். அதற்கு முன் மூன்று தடவை விட்டு, மூன்று தடவையும் திரும்பப் போனவன். கடைசித் தடவை நானாக நிறுத்தப் பார்த்து, கை நடுங்கி, ராத்திரியில் இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்ததும் வீட்டில் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பல வருசம் குடித்த உடம்பை வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தக்கூடாது, உயிருக்கே ஆபத்து என்பது அங்கே மருத்துவர் சொல்லித்தான் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

விட்ட பிறகும் வீட்டில் யாரும் என்னை நம்பவில்லை. கதவைத் திறந்ததும் மனைவி ஒரு அடி கிட்டே வருவாள். பேச வருகிற மாதிரி இருக்கும், மூச்சை முகர வருகிறாள் என்று எனக்குத் தெரியும். சம்பள நாளில் மகள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்தப் பயத்தை அவர்களுக்குப் பழக்கியவன் நான். ஆனாலும் பதினான்கு மாதமாகப் பரீட்சை எழுதிக்கொண்டே இருப்பது போல ஒரு களைப்பு இருந்தது.

அதனாலோ என்னவோ, கோபால்பட்டிக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் நடுரோட்டுக்கே வந்து, "சாமி, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று டம்ளரை நீட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நடக்கிறவர் எல்லாரையும் இந்தச் சாலையில் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் யார், எதற்கு நடக்கிறேன், நேற்று வரை என்ன செய்தேன் என்று அவன் கேட்கவில்லை. மோரில் இஞ்சியும் பெருங்காயமும் தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகு வழி நெடுக அப்படித்தான். ஒரு வீட்டு வாசலில் தக்காளிச் சாதம். ஒரு ஒர்க் ஷாப் பையன் என் பையைப் பிடித்து நிறுத்தி, பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். "ராத்திரி லாரிக்காரனுக்குத் தெரியணும்ல" என்றான். உச்சி வெயிலில் தார் கொதிக்கும்போது ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கணும், அதில் சூடு கம்மி என்று சொல்லிக்கொடுத்தது ஒரு கல்லூரிப் பெண். சாணார்பட்டிப் பக்கம் ஒரு அம்மா பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டு, கல் உப்பைக் கரைத்து, வருகிறவர்கள் கால் வைக்க வரிசையாகப் பிளாஸ்டிக் வாளிகள் வைத்திருந்தார். என் பாதத்தில் கொப்புளம் வெடித்திருந்தது. அவரே குனிந்து கழுவிவிட்டார். நான் காலை இழுத்துக்கொண்டேன். "அட வையிங்க" என்று திரும்பப் பிடித்து வாளிக்குள் வைத்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஒட்டன்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால். கால் தூக்க முடியவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர், பச்சை வேட்டிக்காரர்தான், என் காலைப் பார்த்துப் பாவப்பட்டு, "ஒரு கட்டிங் போட்டீங்கன்னா வலியே தெரியாது. நான் வேணா பாதி போடுறேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பதினான்கு மாதத்தில் பல தடவை ஆசை வந்து போயிருக்கிறது. இது அப்படியல்ல. வாயில் எச்சில் ஊறியது. சட்டைப்பையைத் தொட்டுக்கூடப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பாட்டி வந்து நின்றார். எழுபது வயதுக்குக் கம்மியிருக்காது. தலையில் துணி மூட்டை, கையில் கம்பு.

"ஏப்பா தம்பி, எங்க ஆளுக முன்னால போயிட்டாக. கண்ணு ஆப்பரேசன் பண்ணது, லாரி லைட்டு அடிச்சா ஒண்ணும் தெரியல. செத்த கூட வர்றியா?"

எனக்கு நடக்க முடியலையே என்றேன்.

"உக்காந்தா அப்படித்தேன். கால் கட்டிக்கிரும். எந்திரி."

இடும்பன் கதை எல்லாருக்கும் தெரியும். அகத்தியருக்காக இரண்டு மலையைக் காவடியாகத் தூக்கி வந்தவன், களைப்பாற இறக்கி வைத்ததும் திரும்பத் தூக்க முடியாமல் போன இடம் பழனி. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பாட்டியின் கம்பைப் பிடித்து எழுந்தபோதுதான் அது ஒரு நடைக்காரனின் கதை என்று பட்டது.

என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு பாட்டி வந்தார். எதிரே வெளிச்சம் வரும்போதெல்லாம் அந்தக் கை இறுகும், வண்டி போனதும் தளரும். இரண்டு மணி நேரம் அப்படியே. கதிர் அறுப்பு பற்றிப் பேசினார், மருமகளின் சமையல் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். என்னை நம்பி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார். எத்தனை வருசம் ஆயிற்று அப்படி நடந்து! ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் லாரிகளைத் தாண்டி ஒரு மண்டபத்தில் அவருடைய ஊர்க்காரர்கள் இருந்தார்கள். நான் பாட்டியைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்ததாக அவர்கள் நன்றி சொன்னார்கள். மரத்தடி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கையில் உப்புமாத் தட்டு வந்துவிட்டது.

மறுநாள் சாயந்தரம் பழனி. கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தைப்பூசம் என்றால் உங்களுக்கே தெரியும். 693 படி. பாதியில் இடும்பன் சன்னதியில் நின்றேன், உட்காரவில்லை. மேலே தரிசனம் சில நொடிதான் கிடைத்தது.

பேருந்தில் ஊர் திரும்பி வீட்டுக் கதவைத் தட்டியபோது ராத்திரி பதினொன்று. மனைவி திறந்தாள். வழக்கம் போல ஒரு அடி கிட்டே வந்தாள். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், அன்றைக்கு அப்படியே நின்றேன். முகர்ந்தாள். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"வெந்நி போடுறேன்" என்று உள்ளே போனவள், அடுப்படியிலிருந்தே கேட்டாள், "கல்லுப்புப் போடவா?"