கானாடுகாத்தான் வீட்டுக் கணினிக்குச் சென்னையிலிருந்து வேலை அனுப்பும் வழி

கானாடுகாத்தான் வீட்டில் எங்கள் ஐயா காலத்துப் பேரேடுகளும், ரங்கூன் கடையிலிருந்து வந்த கடிதங்களும் மரப்பெட்டிகளில் கிடக்கின்றன. அப்பச்சி (என் அப்பா) அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறார். படங்களை நேராக்கி, வெட்டி, சுருக்கி, பிடிஎஃப் ஆக்குவது என் வேலை. நான் இருப்பதோ சென்னையில்.

ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் 100 எம்பியைத் தாண்டும். ஒரு பேரேடு முழுவதையும் அந்த வீட்டு இணைய இணைப்பில் ஏற்றி இங்கே இறக்குவது நடக்காத காரியம். படங்கள் அங்கேயே இருக்கட்டும், சில கேபி அளவுள்ள ஸ்கிரிப்ட் (கணினி செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதிய கோப்பு) அங்கே போகட்டும் என்று முடிவு செய்தேன்.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் மூலம் நேராக உள்ளே போவதுதான் வழக்கமான வழி. ஆனால் எங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனம் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரியைத்தான் தருகிறது. வெளியிலிருந்து அந்த வீட்டு ரவுட்டரை எட்ட முடியாது. கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இந்தத் தடையைத் தாண்டிவிடும். ஆனாலும் அங்கே கரண்ட் போகும்போதும் லைன் அறும்போதும் நேரடி இணைப்பு துண்டிக்கப்படுகிறது. மறுபடி நான்தான் உட்கார்ந்து தொடங்க வேண்டும். கணினிகளுக்கிடையே கோப்புகளைத் தானாக ஒத்திசைக்கும் டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் போட்ட கோப்பு அப்படியில்லை. அங்கே கணினி எப்போது உயிர்பெறுகிறதோ அதுவரை காத்திருக்கும். நான் இந்த வழிக்கு வந்ததே அந்தக் காத்திருப்புக்காகத்தான்.

அமைப்பு எளிது. வீட்டில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்ட பழைய கணினி. டிராப்பாக்ஸில் ‘வரவு’, ‘முடிவு’ என்று இரண்டு ஃபோல்டர்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காவல் ஸ்கிரிப்டை எழுப்புகிறது. அது ‘வரவு’ ஃபோல்டரில் ஏதாவது இருந்தால், முதலில் அதை டிராப்பாக்ஸுக்கு வெளியே நகர்த்திவிட்டுத்தான் ஓட்டுகிறது. இதில் இரண்டு லாபம். ஒரே வேலை இரண்டாவது முறை ஓடாது. அதோடு, கோப்பு என் போனிலிருந்தும் மறைந்துவிடுவதால், அங்கே வேலையை எடுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வேலை மணிக்கணக்கில் ஓடும்போது கிரான் அடுத்த காவலை எழுப்பத்தான் செய்யும். அதனால் ஒன்று ஓடும்போது இன்னொன்று தொடங்காதபடி ஃப்லாக் கட்டளையால் பூட்டு போட வேண்டும். எங்கேயாவது சிக்கி நிற்கும் வேலையை டைம்அவுட் கட்டளை நிறுத்திவிடும். கிரானுக்குத் தெரிந்த பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகக் குறுகியது, எனவே ஒவ்வொரு கட்டளைக்கும் முழு முகவரி எழுதுங்கள். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் வரி முடிவில் ஒட்டிக்கொண்டு வரும் கூடுதல் எழுத்தை நீக்கிவிட்டு ஓட்ட வேண்டும்.

சிங்க் (ஒத்திசைவு) பற்றி இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். இரண்டு கோப்புகளை அனுப்பினால் எது முதலில் வந்து சேரும் என்று உறுதியில்லை. அதனால் பக்கப் பட்டியலையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி ஒரே கோப்பாக அனுப்புகிறேன். அப்புறம், ஒரு கோப்பில் ஒரு கணினி மட்டுமே எழுத வேண்டும். இரண்டு கணினிகளும் எழுதினால் டிராப்பாக்ஸ் முரண்பட்ட நகல் என்று இன்னொரு கோப்பை உண்டாக்கிவிடும். லாக் (வேலை ஓடிய விவரப் பதிவு) கூட முதலில் டிராப்பாக்ஸுக்கு வெளியே எழுதப்பட்டு, வேலை முடிந்த பிறகே ‘முடிவு’ ஃபோல்டருக்கு வருகிறது. இல்லாவிட்டால் வரிகள் சேரச் சேர அது திரும்பத் திரும்ப மேலேறிக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். இந்த ஏற்பாட்டில் டிராப்பாக்ஸ் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ, அவர் அந்தக் கணினியில் எதையும் ஓட்டலாம். வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவது போன்றது இது. எனவே இதற்கென்றே தனிக் கணக்கு, அதில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு. புதிய ஸ்கிரிப்ட் எதுவானாலும் என் லேப்டாப்பில் ஜிபிஜி ஒப்பம் (அனுப்பியது நான்தான் என்று காட்டும் மின் முத்திரை) போட்டே போகும். வீட்டுக் கணினியில், அந்த ஒப்பத்தைச் சரிபார்க்க உதவும் என் பொதுச் சாவி மட்டும் இருக்கிறது. ஒப்பம் பொருந்தாத கோப்பு ஓடாது. போனிலிருந்து அனுப்பும்போது ஸ்கிரிப்டே அனுப்புவதில்லை. ‘சுருக்கு’, ‘பிடிஎஃப்’ என்று பெயர் வைத்த வெற்றுக் கோப்பை மட்டும் போடுவேன். அந்தப் பெயருக்கு உரிய வேலை ஏற்கெனவே அங்கே இருக்கும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் காவல் அதை ஒதுக்கிவிடும்.

வேலைகளை ஓட்டும் பயனர் கணக்குக்கு சூடோ (நிர்வாகி) உரிமை கிடையாது. மூலப் படங்களைப் படிக்கலாம், அழிக்கவோ மாற்றவோ முடியாது. இதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்தத் தாள்களைச் செல் அரிக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்ய அவை எல்லாம் இருக்கும் என்று நம்ப முடியாது.

கரண்ட் விஷயத்துக்கு கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸில் ஒரு அமைப்பு இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழ வேண்டும் என்று அதில் வைத்தேன். ஆனால் உபுண்டுவில் யாராவது லாகின் ஆகும்வரை டிராப்பாக்ஸ் தொடங்காது. அதனால் தானியங்கி லாகினும் தேவைப்பட்டது. ‘முடிவு’ ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பில் மணிக்கு ஒருமுறை தேதியும் நேரமும் பதிவாகிறது. அது பழையதாக இருந்தால் அங்கே லைன் இல்லை என்று புரிந்துகொள்வேன்.

படத்திலுள்ள எழுத்தைத் தானாகப் படிக்கும் எழுத்துணரி எதையும் நான் ஓட்டவில்லை. கையெழுத்துப் பேரேட்டில் தமிழ் எண்களும் மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் நிறைய. அந்தக் குறிகளில் பல யூனிகோடில் சேர்ந்ததே 2019இல்தான். படிப்பது மனிதர் வேலை, அதற்கு அப்பச்சி இருக்கிறார்.

அவருக்காகத்தான் கடைசியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓபன்சிவி என்ற பட ஆய்வு நிரல் தொகுப்பைக் கொண்டு ஒவ்வொரு படத்தின் கூர்மையையும் அளந்து, மங்கலான பக்கங்களின் எண்களைத் தமிழில் பட்டியலிட்டு ‘முடிவு’ ஃபோல்டரில் வைக்கிறது. அப்பச்சி காலையில் அதைத் திறந்து பார்த்து, அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்துவிடுகிறார். பேரேடுகள் முடிகிற நிலையில் இருக்கின்றன. அடுத்து ரங்கூன் கடிதங்கள். மெல்லிய தாள் என்பதால் பின்பக்க மை முன்னால் தெரிகிறது, அதற்கு வேறு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.