மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்

தஞ்சாவூரில் அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். தியேட்டரும் வார்டும் மாறி மாறி வரும். மண்ணீரல் எடுக்கும் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் விபத்தில் அடிபட்டு வந்தவர்களாக இருப்பார்கள். ரத்தப் புற்றுநோய்க்காக எடுப்பது எப்போதாவதுதான்.

நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படி வந்தார். இடது விலாவுக்குக் கீழே தொடங்கிய வீக்கம் தொப்புளைத் தொட்டிருந்தது. "ரெண்டு கவளத்துக்கு மேல சோறு இறங்கமாட்டேங்குது சிஸ்டர்" என்றார். இரைப்பையை மண்ணீரல் நெருக்கிக்கொண்டிருந்தது. மண்ணீரலில் மெதுவாக வளரும் ஒருவகை லிம்போமா, அதாவது வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய் என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள்.

பழைய ரத்த அணுக்களையும் ரத்தத்தில் வரும் கிருமிகளையும் சலித்து அழிப்பது மண்ணீரலின் வேலை. வீங்கிவிட்டால் நல்ல அணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இவருக்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) நாற்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தது. இந்த நோய்க்கு இப்போது பெரும்பாலும் ரிட்டுக்ஸிமாப் மருந்தில்தான் தொடங்குகிறார்கள். ஹேரி செல் லுகேமியா என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோய்க்கும் ஒரு காலத்தில் மண்ணீரலை எடுப்பதுதான் முதல் வைத்தியம். கிளாட்ரிபைன் மருந்து வந்தபிறகு அது மாறிப்போனது. இவருக்கு நோயை உறுதிப்படுத்தவும் வேண்டியிருந்தது, இரைப்பைக்கு இடம் விடவும் வேண்டியிருந்தது, அதனால்தான் ஆபரேஷன். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் நோய் இதனால் போய்விடாது என்பதை டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

வெளியே எடுத்ததை எவர்சில்வர் தட்டில் வைத்து எடை பார்த்தோம். 150 கிராம் அளவில் இருக்க வேண்டியது, ஒன்றே முக்கால் கிலோ. கருஞ்சிவப்பாக, தட்டை நிறைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு வாரத்தில் தட்டணு மூன்று லட்சத்தைத் தாண்டியது. மனிதர் ஒரு தட்டு சாம்பார் சாதம் முழுக்கச் சாப்பிட்டார். அவர் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இதற்கப்புறம்தான் பயம் தொடங்கும். அதற்குக் காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், இதே ஆபரேஷன் ஆன ஒருவரை வீட்டுக்கு அனுப்பினோம். டிஸ்சார்ஜ் சீட்டில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் மாத்திரை வேளைகளை மட்டும் சொன்னேன். சம்பா நடவு சமயம். ராத்திரி குளிர்காய்ச்சல் வந்திருக்கிறது. "மழையில நனைஞ்சது" என்று பெட்டிக்கடை மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் கொண்டுவந்தபோது பிபி இறங்கிவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இறந்துபோனார். மண்ணீரல் இல்லாத உடம்பில் நிமோகாக்கஸ் மாதிரி கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பெருகிவிடும். அது எனக்குத் தெரியும். அவர் வீட்டாருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை.

அதனால் இப்போது தேதி குறித்தவுடனே தடுப்பூசியைத்தான் கேட்பேன். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கான ஊசிகளும் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். வருடா வருடம் ஃபுளூ ஊசி வேறு. வீட்டில் வைத்துக்கொள்ள ஆன்டிபயாடிக் மாத்திரையும் எழுதி வாங்கிக் கொடுப்பேன். நாய் கடித்தால் ரேபிஸ் ஊசியோடு நிற்காமல் மண்ணீரல் இல்லை என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் ஓர் அட்டை: "எனக்கு மண்ணீரல் இல்லை. காய்ச்சல் இருந்தால் உடனே ஆன்டிபயாடிக் ஊசி தேவை." தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து தருவேன்.

நீடாமங்கலத்துக்காரரின் மனைவியிடம் அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். "காய்ச்சல்னா காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் கிளம்பணும்." மூன்றாவது தடவை கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். குளிரில் அவருக்குப் பல் கிட்டியது. அந்தம்மா வெற்றிலைப் பையிலிருந்து அட்டையை எடுத்து டூட்டி டாக்டரிடம் நீட்டினார். இருபது நிமிடத்தில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி முதல் டோஸ் ஏறிவிட்டது. ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார்.

கிளம்பும்போது அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கறை. புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். "ரெண்டா போடுங்க சிஸ்டர், வயலுக்குப் போறப்ப அவர் சட்டைப்பையில ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.