ஃபுட் டிரைவ் பெட்டில என்ன போடலாம்

இங்க அமெரிக்கால நவம்பர் வந்தாலே ஆபீஸ், ஸ்கூல்னு ஃபுட் டிரைவ் பெட்டி (கஷ்டப்படறவங்களுக்குக் குடுக்க சாப்பாட்டுப் பொருள் சேர்க்கற பெட்டி) வச்சிருவாங்க, நாமளும் அலமாரில யாரும் தொடாத கேன் சூப்பு, ராமென், கேக் மிக்ஸ்னு போட்டுட்டு வந்துடறோம். ஆனா இத ஃபுட் பேங்க்ல இலவசமா வாங்கிட்டுப் போறவங்கள்ல சுகர், பிரஷர் இருக்கறவங்க நிறைய பேருங்க. 2020ல இதுக்குன்னே ஒரு கைட்லைன் வந்துச்சு, சாச்சுரேட்டட் ஃபேட், சோடியம், சேர்த்த சர்க்கரை மூணையும் பாத்து அடிக்கடி சாப்பிடலாம், எப்பவாவது, ரொம்ப அபூர்வமானு பிரிக்கறாங்க. உப்பு சேர்க்காத பீன்ஸ், தண்ணில போட்ட டூனா, சிரப் இல்லாத பழ கேன், ஓட்ஸ், பருப்பு இப்படி பாத்து வாங்குங்க (கேன் ஓப்பனர் இல்லாத வீடும் இருக்கு, இழுத்துத் திறக்கற மூடியா பாருங்க). காசா குடுத்தா இன்னும் நல்லது, மொத்தமா வாங்கறதால ஃபுட் பேங்க்காரங்களுக்கு மலிவா கிடைக்கும், முட்டை காய்கறினும் வாங்கிக்குவாங்க. எக்ஸ்பயரி ஆனத மட்டும் வேணாம்ங்க, அத பிரிச்சுத் தூக்கிப் போடவே வாலண்டியருங்களுக்கு நேரம் போயிடும்.