எலும்பும் தோலுமான பிள்ளைக்குக் கொழுப்பா?

கம்பத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, குமுளி மலை ஏறி, கேரளப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் 9 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தேன். நோயாளிகளில் பாதிப் பேர் நம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள். மலையாள டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் பத்தியம் எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. அதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வண்டன்மேட்டுப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு 14 வயது; பார்த்தால் பத்து என்பார்கள். 6 வயதிலிருந்து சர்க்கரை நோய்க்கு இன்சுலின். வலது விலாவுக்குக் கீழே வலி, வயிறு உப்பல். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனையான எஸ்.ஜி.பி.டி. 400-ஐத் தாண்டியிருந்தது. ஸ்கேன் முடிவில் ‘கல்லீரலில் கொழுப்பு’. வடை தின்றாயா, நேந்திரங்காய் சிப்ஸ் தின்றாயா என்று பிடித்துக்கொண்டேன். கூட வந்த பாட்டி, “எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளைக்குக் கொழுப்பு எங்கேயிருந்தம்மா வரும்?” என்றார். வார்டே சிரித்தது. பிள்ளை சிரிக்கவில்லை. ‘உனக்குக் கொழுப்பு’ என்பது நம் ஊரில் நோயின் பெயரா என்ன?

பாட்டியின் கேள்விதான் டாக்டருக்கும். காமாலைக் கிருமிகளுக்கும், உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் நோய்க்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தார். தொப்புளுக்கு இருபுறமும் எலுமிச்சங்காய் போல இரண்டு தடிப்புகள். குத்திய இடத்திலேயே குத்தியதால் வந்தவை. அங்கே வலிக்காதாம், அதனால் அங்கேயே போட்டிருக்கிறாள். அந்த இடத்தில் போடும் மருந்து ரத்தத்தில் ஒழுங்காகச் சேராது.

மீதியை அவளே மெல்லச் சொன்னாள். பள்ளியில் மறைவிடம் இல்லாததால் மதிய ஊசி கிடையாது. சாயங்காலம் சர்க்கரை மீட்டர் 400 காட்டும். பாட்டி பார்ப்பதற்குள் இறக்கிவிட வேண்டுமென்று இரண்டு மடங்கு போட்டுக்கொள்வாள். ராத்திரி வியர்த்துக் கொட்டினால் சர்க்கரைத் தண்ணீர்.

கல்லீரல் ஒரு பத்தாயம். ரத்தத்தில் பெருகிய சர்க்கரை, இன்சுலின் இல்லாமலே அதற்குள் புகுந்துவிடும். அதன்மேல் மொத்தமாக இன்சுலினை ஏற்றினால் அத்தனையும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகி உள்ளேயே தங்கும். வளர்த்தி நின்று ஈரல் வீங்கிய சர்க்கரைப் பிள்ளைகளைப் பற்றி, பிரான்சில் மோரியாக் என்ற மருத்துவர் 1930-இலேயே எழுதியிருக்கிறார். சாதாரண ஸ்கேனில் கொழுப்பும் கிளைக்கோஜனும் ஒன்றுபோல வெளுத்துத் தெரியும். திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. டாக்டர் அதற்கு அவசரப்படவில்லை. இதுவாக இருந்தால் சர்க்கரை சீரானதும் சில வாரங்களிலேயே வடியத் தொடங்கும், முதலில் ஊசியைச் சரிசெய்வோம் என்றார்.

பள்ளியில் ஆசிரியைகளின் அறையில் மதிய ஊசிக்கு இடம் கிடைத்தது. ஏழாவது வாரம் எஸ்.ஜி.பி.டி. 60-க்கு இறங்கியது.

“கொழுப்பு அடங்கிவிட்டதா, சிஸ்டர்?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். என் கையெழுத்து, சிவப்பு மை: ‘எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது.’

“இது இனி வேண்டுமா?”